திருப்புளியைக் கீழே வை, தம்பி

5 ரூபாய் சாமானுக்கு 800 ரூபாய் கூலி கொடுத்த மனிதர் என்று என் மாப்பிள்ளை என்னைப் பற்றி உறவினர் வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மரியாதை தெரிந்தவர்தான், சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். ஆனாலும் 38 வருடம் ஃபைலில் நோட் போட்ட கை சும்மா இருக்குமா? என் தரப்பையும் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் எங்கள் வீட்டு டியூனர். டியூனர் என்றால் என்ன என்று பேத்தி கேட்டாள். ரேடியோவிலிருந்து ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் டியூனர் என்றேன். நிலையத்தைப் பிடித்துக் கொடுப்பது மட்டும் அதன் வேலை. சத்தம் போடுவது பக்கத்தில் இருக்கிற ஆம்ப்ளிஃபயரின் வேலை. எங்களுடையது ஜப்பானில் செய்தது, பிரான்ஸில் வாங்கியது. என் மனைவியின் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கி அங்கேயே தங்கிவிட்டவர். 1981-ல் லீவில் வந்தபோது போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒன்றரை அடி அகலம், வெள்ளி நிற அலுமினிய முகப்பு, முள் ஆடுகிற மீட்டர் இரண்டு, ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு குமிழ். குமிழை ஒரு சுண்டு சுண்டினால் முள் 88-லிருந்து 108 வரை தானாக ஓடும். உள்ளே கனமான சக்கரம் இருக்கிறது.

அப்போது நாங்கள் திருவல்லிக்கேணியில் வாடகைக்கு இருந்தோம். இந்தியாவிலேயே முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ம் தேதி நம் மெட்ராஸில்தான் ஆரம்பித்தது. நம்மில் பலருக்கு இது மறந்தே போய்விட்டது. ஆனால் அந்த நாளில் முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாலும் ஒரே ஓர் இடத்தில்தான் பேச்சுக் கேட்கும். மற்ற இடமெல்லாம் மழை பெய்கிற சத்தம். "இவ்வளவு பெரிய பெட்டிக்கு இவ்வளவு சின்ன ஊரா?" என்று மச்சான் கேலி செய்தார். 2003-ல் சூரியன், மிர்ச்சி எல்லாம் வந்த பிறகுதான் பெட்டிக்கு நிறைவான வேலை கிடைத்தது. அதற்குள் நாங்கள் ஹவுஸ் பில்டிங் அட்வான்ஸ் போட்டுப் பல்லாவரத்துக்கு வந்து 15 வருடம் ஆகியிருந்தது.

மச்சான் 2014-ல் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி என் மனைவிக்கு வேறு பொருளாகிவிட்டது. தினமும் துடைப்பாள். நடுவில் என்ன பாட்டு போகிறது என்றுகூடக் கவனிக்க மாட்டாள், ஆனால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு பெட்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. மூன்று கோளாறு. 'ஸ்டீரியோ' என்று எழுதிய சிவப்பு விளக்கு எரியவில்லை. போட்ட கால் மணியில் நிலையம் மெல்ல நகர்ந்து கரகரக்கும், மறுபடி முள்ளை நகர்த்த வேண்டும். மூன்றாவது, இடது ஸ்பீக்கர் சில நாள் பேசும், சில நாள் பேசாது. புதுச்சேரியில் நாங்கள் இதை 'ஆன் பன்' என்போம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்குக் கார் நின்றாலும் கடிகாரம் நின்றாலும் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான்.

மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, போன்ல எல்லா ஸ்டேஷனும் வருது. ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கித் தர்றேன். இதைச் சந்தையில போட்டுடலாம்." பல்லாவரத்தில் சந்தை என்றால் வெள்ளிக்கிழமைச் சந்தைதான். பழைய டிரங்க் ரோட்டில் கட்டில் கால் முதல் கம்ப்யூட்டர் வரை தரையில் பரப்பி விற்பார்கள். எத்தனையோ வீட்டு ரேடியோக்கள் அங்கே வெயிலில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். என் மனைவி பதில் சொல்லவில்லை. உள்ளே போய், திரும்பி வந்து, "பேசினாலும் பேசாட்டியும் இங்கேயே இருக்கட்டும்" என்றாள். பிறகு நான் ஆட்டோ பிடித்தேன்.

முதலில் போன கடையின் பெயர் வேண்டாம். கடைக்காரர் பெட்டியின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "ஐ.சி. போயிடுச்சு சார். இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வராது. 500 ரூபா தர்றேன், விட்டுட்டுப் போங்க" என்றார். திறக்காமலே உள்ளே என்ன போயிற்று என்று தெரிகிறவர் ஜோசியராகப் போயிருக்கலாம். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பக்கம் இருந்த நியாயம் பின்னால்தான் புரிந்தது, அதற்கு வருகிறேன்.

அடுத்தது ஒரு தம்பி. எல்.இ.டி. டிவி ரிப்பேர் செய்கிறவர், முப்பது வயதுக்குள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். மூடியைத் திறந்ததும் "ஐயா, என்ன சுத்தமா ஒயர் கட்டியிருக்கான் பாருங்க" என்று வாயைப் பிளந்தார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் அடுத்த நிமிடமே பையிலிருந்து இரும்புத் திருப்புளியை எடுத்து, போர்டில் வரிசையாக நிற்கிற சின்னச் சின்னத் தகரக் கூடுகளில் ஒன்றின் தலையில் வைத்தார். "இந்த காயிலைக் கொஞ்சம் திருகிப் பார்த்தா ஸ்டேஷன் நிக்கும்னு நினைக்கிறேன்."

"திருப்புளியைக் கீழே வை, தம்பி!"

நான் கத்தியதில் சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்துவிட்டாள்.

ஏன் கத்தினேன் என்றால் 1964-க்குப் போக வேண்டும். எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். அப்பா ஒரு மில்லில் கணக்கு எழுதினார். ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தது. பட்டன்களில் நம் ஊர் ரேடியோ மாதிரி மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று இருக்காது. 'பெத்தீத் ஓந்த்', 'கிராந்த் ஓந்த்', 'ஓந்த் கூர்த்' என்பதன் முதலெழுத்துகள் இருக்கும். சின்ன அலை, பெரிய அலை, குட்டை அலை என்று அர்த்தம். பெரிய அலையில் நம் நாட்டில் ஒலிபரப்பே கிடையாது, வெறும் இரைச்சல்தான். கண்ணாடியில் பாரிஸ், லுக்சம்பூர், ரோம் என்று ஊர்ப் பெயர்கள். அதில் ஒன்றும் எங்கள் வீட்டில் கேட்காது. அப்பாவுக்குத் தேவை இரண்டு: மாலையில் திருச்சி, இரவில் இலங்கை.

அந்த மே மாதம் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு வயது 15. பள்ளியில் பௌதிகம் படிக்கிறோம் என்ற திமிர். அப்பா மில்லுக்குப் போனதும் பின்பக்க அட்டையைக் கழற்றினேன். உள்ளே அலுமினியக் கூடுகள், கூட்டின் தலையில் திருகாணி மாதிரி ஒன்று. தளர்ந்திருக்கிறது, அதனால்தான் சத்தம் குறைகிறது என்று முடிவு செய்து, ஒவ்வொன்றையும் இறுக்கினேன். சத்தம் இன்னும் குறைந்தது. தளர்த்தினேன். கடைசியில் திருச்சியும் இல்லை, இலங்கையும் இல்லை. எது எவ்வளவு திருகினோம் என்பதும் நினைவில்லை.

அது திருகாணி இல்லை. கம்பிச் சுருளுக்குள் ஏறி இறங்குகிற ஃபெரைட் துண்டு. ரேடியோ எந்த நிலையத்தைப் பிடித்தாலும் அதை ஒரே ஒரு அலைவரிசைக்கு மாற்றிக்கொண்டுதான் உள்ளே வேலை செய்யும். மீடியம் வேவில் அது 455 கிலோ ஹெர்ட்ஸ் சுமார், எஃப்.எம்.மில் 10.7 மெகா ஹெர்ட்ஸ். அந்தச் சுருள்கள் எல்லாம் அந்த ஒரு புள்ளியில் நிற்கும்படி தொழிற்சாலையில் கருவி வைத்துத் திருகி, மெழுகு வைத்து மூடியிருப்பார்கள். அது தானாகத் தளராது. ஒரு பிள்ளை திருப்புளி எடுத்தால்தான் மாறும். இரும்புத் திருப்புளியாக இருந்தால் துண்டே உடைந்துபோகும்.

நான் திருகிய வாரமோ அடுத்த வாரமோ, மே 27-ம் தேதி, நேரு காலமானார். அப்பா மில்லிலிருந்து வேகமாக வந்து ரேடியோவைப் போட்டார். முள்ளை நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் திண்ணையில் நின்றேன். என்னைக் கேட்கவில்லை. பின்பக்க அட்டையில் ஒரு திருகாணி குறைவதைப் பார்த்திருப்பார். சட்டையை மாட்டிக்கொண்டு மூன்றாம் வீட்டு வாசலில் கூட்டத்தோடு நின்று செய்தி கேட்டுவிட்டு வந்தார்.

பின்னால் மாடியில் வற்றல் காயப்போட ஏறியபோதுதான் அம்மா பார்த்தாள், ஏரியல் கம்பி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. மொத்தக் கோளாறும் அதுதான். ரேடியோவுக்குள் ஒன்றுமே இருக்கவில்லை. மெக்கானிக் ஒருவர் காதை வைத்துத் திருகித் திருகித் திருச்சியைக் கொண்டுவந்தார். இலங்கை முன்போல் வரவே இல்லை. அப்பா கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

தம்பியிடம் இத்தனையும் சொன்னேன். அவர் திருப்புளியை உறையில் போட்டுவிட்டு, "சரி ஐயா, எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்றார். வெளியிலிருந்து, என்றேன்.

இந்த இடத்தில் பழைய ரேடியோ, டியூனர் வைத்திருக்கிற நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஏரியலை முதலில் பாருங்கள். எஃப்.எம்.முக்குப் பின்னால் தொங்குகிற ஆங்கில 'டி' வடிவ ரிப்பன் ஒயர், குறுக்கு நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். அளவு காரணமாகத்தான், எஃப்.எம். அலையின் நீளம் மூன்று மீட்டர் சுமார், அதில் பாதி. எங்கள் வீட்டில் பெயின்ட் அடித்தபோது ஒரு கால் கழன்றிருந்தது. மாட்டினோம். மீட்டர் கொஞ்சம் ஏறியது, கோளாறு போகவில்லை. அடுத்து, டியூனரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற இரண்டு பின்களையும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மட்டும் இடம் மாற்றிச் செருகினோம். ஊமையாக இருந்த இடது ஸ்பீக்கர் பேசியது, வலது ஊமையானது. ஆக ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் நிரபராதி. ஒரு பைசா செலவில்லாமல் பாதி வீட்டைச் சோதித்தாயிற்று. கேபிளை மாற்றிப் பார்த்தோம், அதுவும் நிரபராதி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே பார்த்தால், பின்பக்க சாக்கெட்டின் காலில் ஈயம் மயிரிழை மாதிரி வெடித்திருந்தது. 40 வருடம் பின்னைச் செருகிப் பிடுங்கியதில் வந்தது. சூடு வைத்துப் புது ஈயம் விட்டதும் மூன்றாவது கோளாறு தீர்ந்தது.

சுவிட்சுகளையும், முள்ளோடு சுழல்கிற கேங் கண்டென்சரின் அடிப்பிடியையும் கான்டாக்ட் கிளீனர் விட்டுத் துடைத்தார். எங்கள் பக்கம் கடற்காற்று கொஞ்சம்தான் என்றாலும் 40 வருடம் என்பது 40 வருடம். கிளீனர் என்றால் அதற்கென்று விற்பதைத்தான் வாங்க வேண்டும், கதவுக் கீலுக்கு விடுகிற எண்ணெயை விட்டால் தூசி ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமாகும்.

சிவப்பு விளக்கும் நகர்கிற நிலையமும்தான் பாக்கி. பேத்தி இதற்குள் டியூனரின் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்து அச்சுப் போட்டுக் கொண்டுவந்தாள். முழு சர்க்யூட் படம், ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் காலிலும் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்ற எண், எந்தக் காயிலை எந்தக் கருவி வைத்துத் திருக வேண்டும் என்ற பட்டியல், எல்லாம் இருந்தது. எங்கள் ஆபீஸ் மேனுவல்கூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. பவர் சப்ளையில் ஓர் இடத்தில் 13 வோல்ட் என்று போட்டிருந்தது. தம்பி மீட்டரை வைத்தார். 11. பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால் 10-க்கும் கீழே.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு கோளாறு இல்லை, ஒன்றுதான்.

ஸ்டீரியோ எப்படி வருகிறது என்று சொன்னால் இது புரியும். நிலையம் இடது, வலது என்று இரண்டையும் தனித்தனியாக அனுப்புவதில்லை. இரண்டின் கூட்டலைச் சாதாரணமாக அனுப்பும், பழைய மோனோ ரேடியோவுக்கு அது போதும். இரண்டின் கழித்தலை 38 கிலோ ஹெர்ட்ஸில் ஏற்றி அனுப்பும். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் இரண்டு எண்ணையும் கண்டுபிடிக்கிற கணக்கை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறோம், அதையேதான் டியூனர் போடுகிறது. இதற்கு அடையாளமாக 19 கிலோ ஹெர்ட்ஸில் மெல்லிய ஒரு சுருதியும் கூடவே வரும், நம் காதுக்குக் கேட்காது. அமெரிக்காவில் 1961-ல் ஏற்றுக்கொண்ட முறை, உலகின் பெரும்பகுதி அதைத்தான் பின்பற்றியது. அந்தச் சுருதியோடு டியூனரின் உள்ளே இருக்கிற ஐ.சி. சேர்ந்து பாட முடிந்தால் சிவப்பு விளக்கு எரியும். கரன்ட் குறைவாகக் கிடைத்தால் ஐ.சி. அபஸ்வரத்தில் பாடும், சேராது, விளக்கும் எரியாது. அதே கரன்ட் சூடு ஏற ஏற இறங்கினால் நிலையமும் நகரும்.

இறங்கக் காரணம் 100 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஒன்று. சுண்டு விரல் நகம் அளவு. உள்ளே கசிந்து, பக்கத்தில் இருந்த ஜீனர் டையோடின் வோல்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. தம்பி ரிச்சி தெருவில் புதியது வாங்கிவந்தார், 5 ரூபாய். சந்தையிலும் கிடைக்கும், ஆனால் இந்த வகையைப் பழையதில் வாங்காதீர்கள். பயன்படுத்தாமல் கிடந்தாலும் உள்ளே காய்ந்துவிடும். மாற்றியதும் மீட்டர் 13-ல் நின்றது. முள்ளை 101.4-க்குக் கொண்டுபோனேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கடைக்காரர் 'போயிடுச்சு' என்று சொன்ன ஐ.சி. அங்கேயேதான் இருக்கிறது. காயில் ஒன்றையும் நாங்கள் தொடவில்லை.

பக்கத்தில் இருக்கிற மற்ற கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்று தம்பி கேட்டார். இப்போது அப்படிச் செய்கிறவர்கள் நிறைய. ஒரே நாளில் நாற்பது ஐம்பது பாகங்களைக் கழற்றி மாட்டினால், நல்ல போர்டில் ஐந்தாறு புதுக் கோளாறு வந்து சேரும், எது பழையது எது நம்முடையது என்றும் தெரியாது. கெட்டதை மாற்று, மாற்றியதும் ஓட்டிப் பார், என்றேன்.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது பாட்டு திடீரென்று நடுங்கியது. உஸ், உஸ் என்று மூச்சு வாங்கி, மீட்டர் முள் ஏறி ஏறி இறங்கியது. சில விநாடியில் சரியாகிவிட்டது. தம்பியின் முகம் வாடிவிட்டது. "ஐயா, இன்னும் ஏதோ லூஸ் காண்டாக்ட் இருக்கு." நான் அவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். ஐந்து நிமிடம் நின்றிருப்போம், அடுத்த விமானம் தாழ வந்தது. கீழே பேத்தி "தாத்தா, மறுபடியும்!" என்று கத்தினாள். நிலையத்திலிருந்து நேராக வருகிற அலையும் விமானத்தின் வயிற்றில் பட்டுத் திரும்புகிற அலையும் சில கணம் கூடும், சில கணம் ஒன்றை ஒன்று அழிக்கும். விமானம் நகர நகர இது மாறுவதால் அந்த நடுக்கம். மீனம்பாக்கத்துக்கு இவ்வளவு அருகில் குடியிருக்கிறவன் டியூனரைக் குறை சொல்லக் கூடாது. தம்பி வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை பெட்டிகள் இப்படி விமானத்துக்காகக் கழற்றப்பட்டிருக்குமோ.

இப்போது 800 ரூபாய்க்கு வருகிறேன். தம்பி இரண்டு ஞாயிறு வந்தார், மொத்தம் ஏழு மணி நேரம். என்ன கொடுக்க என்று கேட்டால், "பெரிசா ஒண்ணும் மாத்தலையே ஐயா, 100 ரூபா குடுங்க" என்றார். அதாவது அவர் மனத்திலேயே கூலி என்பது மாற்றிய சாமானின் விலையோடு ஒட்டியிருக்கிறது. நாம்தான் அப்படிப் பழக்கிவிட்டோம். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து "ஒன்றுமில்லை, போங்கள்" என்றால் நாம் பீஸைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். மெக்கானிக் "ஏரியல்தான் கழன்றிருக்கு" என்று சொன்னால், "அதுக்கு என்ன காசு?" என்கிறோம். நானே சொல்லியிருக்கிறேன். அப்படியானால் அவர் என்ன செய்வார்? ஏதாவது ஒன்றை மாற்றினால்தான் காசு என்றால், நல்லதையும் மாற்றுவார். இல்லையென்றால் முதல் கடைக்காரர் மாதிரி மூடியையே திறக்க மாட்டார். அரை நாள் உட்கார்ந்து பார்த்து 50 ரூபாய் வாங்குவதைவிட, 500 கொடுத்துப் பெட்டியை வாங்கி உள்ளே இருப்பதைக் கழற்றி விற்பதுதான் அவர் வீட்டுக்குக் கட்டும். நான் அவர்மேல் பட்ட கோபத்தில் பாதி என்மேலேயே படவேண்டிய கோபம்.

அரசாங்கம் எனக்கு 38 வருடம் சம்பளம் கொடுத்தது பார்ப்பதற்குத்தான். ஃபைலைப் பார்த்து, பழைய நோட்டைப் பார்த்து, எங்கே தவறு என்று ஓரத்தில் எழுதினேன். ஒரு காகிதத்தையும் நான் மாற்றவில்லை, என் பென்ஷன் குறையவில்லை. பெட்டியைப் பார்க்கிறவருக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

மச்சானின் மகன் பிரான்ஸிலிருந்து பேசும்போது இதைச் சொன்னேன். அங்கே 2021 ஜனவரி 1 முதல் செல்போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றை விற்கிற இடத்தில், இதை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று பத்துக்கு இத்தனை மார்க் என்று எழுதி ஒட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள். மேனுவல் கொடுக்கிறார்களா, ஸ்பேர் கிடைக்கிறதா, திருகாணியில் திறக்க முடியுமா என்பதையெல்லாம் வைத்து மார்க். 2022 டிசம்பரிலிருந்து அங்கீகாரம் பெற்ற மெக்கானிக்கிடம் போனால் ரிப்பேர் பில்லில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்கிறார்கள். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் செய்துகொள்கிற உரிமைக்காகக் குழு போட்டது, அந்த வருடக் கடைசியில் இணையதளம் ஒன்றும் திறந்தது. நல்ல காரியம். ஆனால் என் டியூனருக்கு எந்த உரிமைச் சட்டமும் இல்லாத காலத்திலேயே சர்க்யூட் படத்தோடு மேனுவல் போட்டிருந்தார்கள். போன வருடம் வாங்கிய எங்கள் டிவிக்குச் சுவரில் மாட்டுகிற படம் மட்டும்தான் இருக்கிறது. மேனுவல் வரட்டும், ஸ்பேர் வரட்டும். அதோடு பார்க்கிறவருக்குக் கூலி கொடுக்கிற பழக்கமும் வந்தால்தான் அதை விரித்துப் படிக்க ஒரு ஆள் மிஞ்சுவார். ரிப்பேருக்குக் கொடுக்கும்போதே "பார்க்க இவ்வளவு, மாற்றினால் தனி" என்று பேசிவிடுங்கள். நான் இனி அப்படித்தான் செய்யப்போகிறேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு எஃப்.எம்.மில் வருவதில் பாதி விளம்பரம், மீதியில் பாதி சிரிப்பு. அதைக் கேட்க இவ்வளவு நல்ல பெட்டி எதற்கு என்றால் என்னிடம் பெரிய பதில் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரன்டும் போனும் இல்லாதபோது வீட்டில் பேசியதும் இது இல்லை, பேட்டரி போட்ட சின்ன டிரான்சிஸ்டர்தான். இதைப் பார்த்து ஆசைப்பட்டுச் சந்தையில் டியூனர் வாங்கப் போகிறவர்கள் டயலைப் பார்த்து வாங்குங்கள். ஜப்பானிலேயே விற்கச் செய்தது 76-லிருந்து 90 வரைதான் போகும், கரன்டும் 100 வோல்ட். நம் ஊரில் செருகினால் புகைதான் வரும். நம் நிலையங்களில் பெரும்பாலானவை அதில் வரவே வராது.

டியூனர் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. என் மனைவி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், வழக்கம்போல் பாட்டைக் கவனிக்கவில்லை. சிவப்பு விளக்கை மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். டயல் விளக்கு இரண்டில் ஒன்று இன்னும் எரியவில்லை. 8 வோல்ட், கண்ணாடி ஃப்யூஸ் மாதிரி நீளமாக இருக்கும். வருகிற வெள்ளிக்கிழமை சந்தையில் தேடப்போகிறேன். உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது அந்தக் காலத்து ரேடியோவின் உதிரி சாமான்கள் கிடந்தால் பார்த்துச் சொல்லுங்கள். பார்த்த கூலி உண்டு.